எக்ஸான் 48 முதல் 50 வரை

அன்புள்ள கல்யாணி,

உன் கடிதம் வந்து பன்னிரண்டு நாளாகிறது. சாக்குச் சொல்லப் போவதில்லை. திட்டித் தீர்த்துவிட்டு மேலே படி.

பையனுக்கு வந்திருக்கும் டூஷேன், தசைகள் மெல்ல நலியும் அந்த மரபணு நோய், "என் வழியாக வந்ததா?" என்று மூன்று இடத்தில் கேட்டிருக்கிறாய். டூஷேன் உள்ள பிள்ளைகளின் அம்மாக்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேர் கடத்திகள், அதாவது மரபணுப் பிழையைத் தாங்கள் சுமந்து பிள்ளைக்குக் கடத்தக்கூடியவர்கள். மற்றப் பிள்ளைகளுக்குப் புதிதாக வருவது. எப்படி இருந்தாலும் கர்ப்பத்தில் நீ மாடி ஏறினதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை. உன் அத்தையிடம் சொல்லு. ஆனாலும் உன் ரத்தத்தைப் பரிசோதித்தாக வேண்டும். நீ கடத்தி என்றால் உன் இதயத்தையும் அவ்வப்போது பார்க்க வேண்டும், சின்னவளும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். உன் ரத்தத்தில் இல்லை என்று வந்தாலும் முழு நிம்மதி கிடையாது. கருமுட்டைகள் சிலவற்றில் மட்டும் பிழை ஒளிந்திருக்கலாம். அடுத்த குழந்தை என்ற பேச்சு வந்தால் இதை மறக்காதே.

பையனுக்கு எட்டு மாதம் கல்லீரல் மருந்து கொடுத்தார்கள் என்று படித்ததும் எனக்கு ரத்தம் கொதித்தது. கல்லீரல் சோதனையில் பார்க்கும் எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி நொதிகள் இரண்டும் தசையிலிருந்தும் வரும் என்பது பாடத்தில் இருப்பதுதானே! தசையிலிருந்து வராத ஜிஜிடி சரியாக இருக்கும்போதே, தசைச் சிதைவைக் காட்டும் சிகே சோதனை ஒன்று எடுத்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். போகட்டும்.

இப்போது ரிப்போர்ட். எக்ஸான் எனப்படும் மரபணுத் துண்டுகளில் 48 முதல் 50 வரை இல்லை என்கிறது. மொத்தம் 79 துண்டுகளில் மூன்றுதானே போயிற்று என்று சேகர் கேட்பது நியாயம்தான். எத்தனை போயிற்று என்பதைவிட, மிச்சம் எப்படி ஒட்டுகிறது என்பதுதான் விஷயம். மரபணுவை மூன்று மூன்று எழுத்தாகத்தான் உடல் படிக்கும். 'அவள்மகன்முகம்' என்று எழுதி, மூன்று மூன்றாகப் பிரி. நடுவில் 'மகன்' முழுசாகப் போனால் 'அவள்முகம்'. குறைந்தாலும் படிக்கலாம். 'வ' ஒன்று மட்டும் போனால் 'அள்ம கன்மு கம்'. அதற்குப் பிறகு எல்லாம் உளறல். உங்கள் பையனுக்குப் போன மூன்று துண்டுகளில் 186, 102, 109 எழுத்துகள், கூட்டினால் 397. மூன்றால் வகுத்தால் ஒன்று மிஞ்சுகிறது. அந்த ஒன்றுதான் தசையைக் காக்கும் டிஸ்ட்ரோபின் புரதம் உருவாகாமல் தடுக்கிறது. மீதமின்றி வகுபட்டிருந்தால் பெரும்பாலும் இதைவிட மெதுவான பெக்கர் வகையாக இருந்திருக்கும்.

அடுத்த 51ஆம் துண்டில் 233 எழுத்துகள். அதையும் தாண்டிப் படிக்க வைத்தால் 630, மீதமில்லை. எக்ஸான் 51 தாண்டல் மருந்துகளின் கணக்கு இதுதான். முதலாவதை 2016இல் அமெரிக்கா நிபந்தனையோடு அனுமதித்தது. அதில் உருவாகும் டிஸ்ட்ரோபின் மிகக் கொஞ்சம். குணமாகிவிடும் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடு. ஆனால் 48–50 என்ற எண்ணை மட்டும் உன் போன் நம்பர் மாதிரி மனப்பாடம் செய். எந்த ஆய்வில் சேர்க்கலாமா என்று விசாரித்தாலும் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.

ஸ்டெராய்டு என்றதும் பயந்திருக்கிறாய். பயம் நியாயமே: எடை ஏறும், உயரம் வளர்வது குறையும், எலும்பு மெலியும், கண்ணில் புரை வரலாம். இருந்தும் நடக்கும் காலத்தை நீட்டுவது அதுதான். பிரட்னிசலோன் என்றால் வழக்கமான கணக்கு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.75 மில்லிகிராம், 18 கிலோவுக்கு 13.5. அளவை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். தொடங்குமுன் சின்னம்மை, தட்டம்மைத் தடுப்பூசிகள் முடிந்தனவா பார். பிறகு உயிருள்ள தடுப்பூசி போடுவது சிக்கல்.

இனி சொல்வதில் விளையாட்டு இல்லை, கல்யாணி. தொடங்கிய ஸ்டெராய்டை யார் சொன்னாலும் திடீரென்று நிறுத்தாதே. உடலின் சொந்த ஸ்டெராய்டைச் சுரக்கும் அட்ரீனல் சுரப்பி தன் வேலையை விட்டிருக்கும். வாந்தியில் மாத்திரை நிற்காவிட்டால் ஆஸ்பத்திரிக்கு ஓடி ஊசியாகப் போடச் சொல். மயக்க மருந்து என்ற பேச்சு எழுந்தாலே, பல் பிடுங்கவானாலும், "டூஷேன், சக்சினைல்கோலின் கூடாது" என்று எழுதிய அட்டையை நீட்டு. மயக்கத்தின்போது தசையைத் தளர்த்தக் கொடுக்கும் அந்த மருந்தால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயம் நின்றுவிடலாம். எக்கோ என்ற இதய ஸ்கேன் இப்போதே ஒன்று, பிறகு வருஷா வருஷம். இதயத்தில் கோளாறு தெரியாவிட்டாலும் பத்து வயதுக்குள் இதய மருந்து தொடங்குவது வழக்கம்.

கணுக்கால் நீட்டும் பயிற்சி வாரத்தில் நாலைந்து நாளாவது. படி ஏறுவதைவிட இறங்குவதுதான் தசையை அதிகம் கிழிக்கும், இறங்கும்போது தூக்கிக்கொள். துள்ளி விளையாடும் வலை வேண்டாம். மற்றபடி ஓடட்டும், களைத்தால் உட்காரட்டும்.

ரிப்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தையும் படமெடுத்து அனுப்பு. முதல் பக்கத்தில் மேல் ஓரம் வெட்டுப்பட்டிருக்கிறது. வசந்தி கல்யாணத்தில் நீ எடுத்த படம் மாதிரியேதான், ஒருவருக்கும் தலை இல்லை.

உன்,
ரேவதி