"பழைய மெயில் வராது" என்று சொல்லிவிடாதீர்கள்: நீலகிரியின் கணினிக் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

கூடலூர், பந்தலூர், ஊட்டி, குன்னூர், கோத்தகிரியில் கணினி சர்வீஸ் கடை வைத்திருக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,

வணக்கம். கூடலூர்ப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து ஊரிலிருந்து எழுதுகிறேன். 2025 அக்டோபர் 14-இல் விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்டின் ஆதரவு முடிந்தது. அதற்குப் பிறகு எங்கள் ஊரிலேயே நாலைந்து வீட்டுக் கணினிகள் பார்மெட் ஆகிப் புது ஓஎஸ் ஏறித் திரும்பி வந்தன. எங்கள் வீட்டுக் கணினியும் அதில் ஒன்று.

அதில் என்ன இருந்தது என்று சொல்கிறேன். 1964-இல் போட்ட சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கை மலையகத்திலிருந்து 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதென்று முடிவானது. அப்படித்தான் அப்பா தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரம் வந்து, இந்த மலைக்கு வந்து சேர்ந்தார். பெரியப்பாவுக்கு அங்கேயே குடியுரிமை கிடைத்தது. ஹட்டன் பக்கமே தங்கிவிட்டார். கூடப் பிறந்தவர்களுக்கு நடுவில் கடல். 2011-இலிருந்து பெரியப்பா சொல்லச் சொல்ல அவர் பேரன் தமிழில் அடித்து மெயில் அனுப்புவான். எந்த லயத்தில் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில்) யார் காலமானார், இந்த வருஷம் மாரியம்மன் திருவிழாவுக்கு யார் யார் வந்தார்கள் என்று எல்லாம் இருக்கும். பெரியப்பா இப்போது இல்லை. அப்பாவுக்குக் கண் தெரிவதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு மெயிலை நான் வாசித்துக் காட்ட வேண்டும். வாசித்ததையே மறுபடி வாசித்தாலும் முதல்முறை போலக் கேட்பார்.

அவை எல்லாம் தண்டர்பேர்ட் என்ற மெயில் புரோகிராமில் இருந்தன. அன்றைக்கு நெட் டேட்டா கார்டில்தான் வரும், மழை பிடித்தால் அதுவும் நிற்கும். அதனால் மெயிலைக் கணினிக்கே இறக்கிக்கொள்ளும் பாப்3 முறையில் கணக்கை அமைத்திருந்தோம். இறக்கிய மெயில் சில நாளில் சர்வரிலிருந்து அழிந்துவிடும். ஆக, உலகத்திலேயே அந்த ஒரு ஹார்ட் டிஸ்கில்தான் அவை இருந்தன.

கணினி திரும்பி வந்தபோது கடைத் தம்பி சொன்னது: "பழைய மெயில் வராதுக்கா, புதுசா கணக்கு சேர்த்துக்கங்க." சேர்த்தேன். இன்பாக்ஸ் காலி. 22 நாள் அப்பாவிடம் நெட் சரியில்லை என்று பொய் சொன்னேன்.

அந்தத் தம்பி மேல் எனக்குக் கோபமில்லை. பார்மெட் அடிக்கும் முன் யூசர் கோப்புறை முழுவதையும், புரோகிராம்கள் தங்கள் தகவல்களை வைக்கும் ஆப்டேட்டா என்ற மறைந்திருக்கும் கோப்புறையோடு சேர்த்து, எங்கள் எக்ஸ்டர்னல் டிஸ்கில் எடுத்து வைத்திருந்தார். அந்த நன்றியை மறக்க மாட்டேன். டெஸ்க்டாப்பையும் டாக்குமென்ட்ஸையும் மட்டும் எடுத்துவிட்டு சி டிரைவைத் துடைத்திருந்தால் இந்த மடலே இல்லை. ஓரளவு திரும்ப வைத்தும் பார்த்திருக்கிறார். திறந்ததும் "புதுக் கணக்கு சேர்க்கவும்" என்ற வெற்றுத் திரை வந்ததால் விட்டுவிட்டார். கோவையில் படிக்கும் என் அக்கா மகள் போனில் வழிசொல்ல, ஒரே சாயங்காலத்தில் எல்லாம் திரும்பி வந்தன. அவள் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

தண்டர்பேர்டை நிறுவி, ஒருமுறை திறந்து, கணக்கு எதுவும் சேர்க்காமல் மூடிவிட வேண்டும். ஆப்டேட்டாவுக்குள் ரோமிங், அதற்குள் தண்டர்பேர்ட் என்ற கோப்புறை இருக்கும். அதன் பெயரை மாற்றி ஓரமாக வைத்துவிட்டு, பேக்கப்பில் உள்ள அதே பெயர்க் கோப்புறையை முழுசாக அந்த இடத்தில் ஒட்ட வேண்டும். நகல் எடுக்கும்போதும் ஒட்டும்போதும் தண்டர்பேர்ட் மூடியிருக்க வேண்டும்.

வெற்றுத் திரை வருவது இதற்குப் பிறகுதான். கணக்கும் மெயிலும் அமைப்புகளும் சேர்ந்திருக்கும் கோப்புறைக்குப் புரொஃபைல் என்று பெயர். எந்த இடத்தில் நிறுவிய தண்டர்பேர்டுக்கு எந்தப் புரொஃபைல் என்று அது குறித்து வைத்துக்கொள்கிறது. எங்களுடையது பழைய 32 பிட். இப்போது ஏற்றியது 64 பிட். நிறுவும் இடம் மாறியதால், தன்னைப் புதுசாக நினைத்துக் காலிப் புரொஃபைல் ஒன்றை உண்டாக்கிக்கொண்டது. பழையது பக்கத்திலேயே பத்திரமாக இருந்தது. உதவி மெனுவில் ட்ரபுள்ஷூட்டிங் பக்கத்தைத் திறந்தால் புரொஃபைல்கள் பட்டியலுக்கு இணைப்பு இருக்கும். அங்கே பழையதை டீஃபால்ட் ஆக்கி, மூடித் திறந்தோம். இடதுபக்கம் "ஹட்டன்" என்ற கோப்புறை வந்து நின்றது.

பேக்கப்பைத் திறந்து பார்த்தால் இன்பாக்ஸ் என்று எக்ஸ்டென்ஷன் இல்லாத ஒரு பெரிய ஃபைல் தெரியும். எதில் திறப்பது என்று விண்டோஸ் கேட்கும். குப்பை என்று அழித்துவிடாதீர்கள். இன்பாக்ஸின் அத்தனை மெயிலும் அந்த ஒன்றுக்குள்தான். மற்ற ஒவ்வொரு மெயில் கோப்புறைக்கும் இதேபோல் அதன் பெயரில் தனி ஃபைல் இருக்கும். எம்எஸ்எஃப் என்று முடிவது வெறும் அட்டவணை. போனாலும் அதுவே மறுபடி உருவாகும். கடவுச்சொற்கள் வேண்டுமானால் கீ4 டாட் டிபி (key4.db), லாகின்ஸ் டாட் ஜேசன் (logins.json) என்ற ஃபைல்கள் இரண்டும் சேர்ந்து வர வேண்டும். பழைய பதிப்பை ஏற்றினால், இந்தப் புரொஃபைல் புதிய பதிப்பில் பயன்படுத்தியது என்று சொல்லித் திறக்க மறுக்கும். அப்போது புதுப் புரொஃபைல் உருவாக்காமல், தண்டர்பேர்டின் புதிய பதிப்பை ஏற்றுங்கள்.

நான் கேட்பது பெரிதல்ல. பார்மெட்டுக்கு முன் "மெயில் பிரவுசரிலா, தனி புரோகிராமிலா?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாதவர்கள்தான் உங்களிடம் வருகிறோம். நாங்கள் முழித்தால் நீங்களே திறந்து பாருங்கள். பேக்கப்பை வாடிக்கையாளர் வந்து பார்த்து, சரி என்று சொல்லும்வரை அழிக்காதீர்கள். அதற்குத் தனியாகக் கூலி கேளுங்கள், தருகிறோம்.

பக்கத்து லைனில் பச்சை இலை ஏஜெண்ட் ஒருவருக்கு ஒரு கடையில் எதையும் எடுக்காமல் துடைத்துக் கொடுத்துவிட்டார்கள். ஃபேக்டரிகளோடு எழுதிய விலைப் பேச்சு, பாக்கிக் கணக்கு எல்லாமே மெயிலில்தான் இருந்தது. ஒவ்வொரு ஃபேக்டரியாக ஏறி இறங்கி நகல் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

உங்களில் யாராவது பேக்கப் இருந்தும் வராது என்று திருப்பி அனுப்பிய கணினிகள் இருந்தால், அந்த வாடிக்கையாளர்களை இன்னொரு முறை கூப்பிடுங்கள். அந்த டிஸ்கை அவர்கள் இன்னும் அலமாரியில் வைத்திருக்கக்கூடும்.

அன்புடன்,
கூடலூரிலிருந்து ஒரு தோட்டத் தொழிலாளியின் மகள்