செத்துப்போன கிளப்பின் பங்கு யாருக்கு? குரோஷியக் கால்பந்துக் கூட்டமைப்புக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவருக்கும் செயற்குழு உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். நான் உங்கள் நாட்டில் கட்டட வேலை செய்யும் தமிழன். நாட்டின் கிழக்கே ஸ்லவோனியாவில், போஜெகா ஊர்ப் பக்கத்தில் கம்பி கட்டுகிறேன், கான்கிரீட் போடுகிறேன். உங்கள் பையன்கள் ஜெர்மனிக்கும் அயர்லாந்துக்கும் போய்விட்டார்கள். அவர்கள் விட்டுப்போன சாரத்தில் இப்போது நாங்கள் நிற்கிறோம். தமிழில் எழுதுவதற்கு மன்னிக்கவும். கோபத்தை மரியாதையோடு எழுத எனக்கு வேறு மொழியில் வராது. கூட வேலை பார்க்கும் தம்பி ஒருவன் உங்கள் மொழிக்கு மாற்றித் தருவதாகச் சொல்லியிருக்கிறான். எங்கேயாவது மரியாதை குறைவாகத் தெரிந்தால் அது அவன் தவறு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை வெலிகாவுக்குப் போயிருந்தேன். பாப்புக் மலையடிவாரத்தில் இருக்கும் ஊர், மொத்தமே ஏறக்குறைய இரண்டாயிரம் பேர். எங்கள் சைட்டில் வேலை பார்க்கும் உள்ளூர் கொத்தனார் ஒருவர் கூட்டிப்போனார். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது, எனக்கு உங்கள் மொழியில் சிமெண்ட், மணல், சீக்கிரம், சாப்பாடு, சம்பளம் தவிர அதிகம் தெரியாது. ஊரே திரண்டு வந்து உட்கார்ந்தாலும் நிறையாத அந்த ஸ்டேடியத்தைக் கையால் காட்டி, "ஷால்கே. நூல, நூல" என்றார். நூல என்றால் பூஜ்யம். அது எனக்குத் தெரியும், சம்பளக் கணக்கில் அடிக்கடி வரும் வார்த்தை. அவர் சிரித்தார். அப்புறம் சிரிப்பை நிறுத்திக்கொண்டு வேறு பக்கம் திரும்பிவிட்டார்.

அன்று ராத்திரி போனில் தேடிப் படித்தேன். உங்களுக்கு இந்தக் கதை தெரியும், உங்கள் ஆவணங்களில்தானே இருக்கிறது. காமென் இன்கிராட் என்பது கல் குவாரியும் கட்டுமானமும் நடத்திய கம்பெனி. கிளப்புக்கும் அதே பெயர். கம்பெனிப் பணத்தில் 2001-இல் முதல் டிவிஷனுக்கு ஏறினார்கள். 2002–03 பருவத்தில் நான்காவது இடம். அடுத்த பருவம் ஐரோப்பியக் கிளப்புகள் மோதும் யுயெஃபா கோப்பை. லக்சம்பர்க்கின் எட்செல்லா அணியைத் தாண்டி, ஷால்கேயைச் சந்தித்து, ஒரு ஆட்டம் 0–0. இன்னொன்றில் 1–0 என்று தோல்வி. இரண்டாயிரம் பேர் ஊர், ஜெர்மனியின் ஷால்கேயிடம் நூற்றெண்பது நிமிடம் ஆடி வாங்கியது ஒரே ஒரு கோல். அதற்குப் பிறகு எல்லாம் இறக்கம்தான். 2007-இல் முதல் டிவிஷனை விட்டு இறங்கினார்கள். 2008-இல் கிளப்பே இல்லை.

கம்பெனியின் கை வறண்டதும் கிளப்பின் தொண்டை வறண்டது. இதில் ஆச்சரியப்பட எனக்கு ஒன்றும் இல்லை. என் வேலை அனுமதியில் என் பெயருக்குக் கீழே ஒரு கம்பெனியின் பெயர் இருக்கிறது. படுக்கை, குளிக்கிற தண்ணீர், வேலைக்கு ஏற்றிப்போகும் வேன் எல்லாமே அந்தப் பெயரில். ஒரே முதலாளியை நம்பி நிற்பது எப்படி இருக்கும் என்று வெலிகா கிளப்புக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருந்திருக்காது, எனக்கும் வேண்டாம். ஆனால் நான் பெரிய ஆள், கண் திறந்து கையெழுத்துப் போட்டவன். அந்த ஊர்ப் பிள்ளைகள் எதிலும் கையெழுத்துப் போடவில்லை.

இங்கே ஒரு கணக்கு. தயவுசெய்து பொறுமையாகப் படியுங்கள், நான் இதை இரண்டு ராத்திரி போட்டுப் பார்த்தேன்.

வெலிகாவில் ஒரு பையனை எடுத்துக்கொள்ளுங்கள். 2003-இல் ஷால்கே ஆட்டத்தின்போது அவனுக்கு ஏழு வயது. அந்த வயதில் ஒரு பையனுக்கு இதைவிடப் பெரிய விஷயம் கிடையாது. தெருவில் பார்க்கிற அண்ணன்கள் டிவியில் பார்க்கிற ஆட்களை எதிர்த்து ஆடுகிறார்கள். மறுநாளிலிருந்து அவன் பந்தை விட்டிருக்க மாட்டான். எட்டு, ஒன்பது, பத்து. கிளப் இறங்குகிறபோது பதினொன்று. கிளப் மூடுகிறபோது பன்னிரண்டு.

பன்னிரண்டு. இந்த எண்ணை நான் ஏன் பிடித்துக்கொண்டு நிற்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும். ஃபிஃபாவின் விதியில் ஒரு ஆட்டக்காரனின் பயிற்சிக் கணக்கு பன்னிரண்டாவது பிறந்தநாள் வருகிற பருவத்தில்தான் தொடங்குகிறது. அதிலிருந்து இருபத்துமூன்று வயது வரை அவனை யார் வளர்த்தார்களோ, பின்னால் அவன் ஒப்பந்தம் முடிவதற்குள் நாட்டு எல்லை தாண்டி விலைக்குக் கைமாறும்போது அந்த விலையில் அவர்களுக்கு ஒரு பங்கு. மொத்தம் ஐந்து சதவீதம். முதல் நான்கு வருடங்களுக்கு வருடத்துக்குக் கால் சதவீதம், அப்புறம் எட்டு வருடங்களுக்கு வருடத்துக்கு அரை சதவீதம். எந்தெந்த வருடம் எந்தக் கிளப்பில் இருந்தான் என்று காட்டும் பதிவுதான் ஆட்டக்காரர் பாஸ்போர்ட். அந்தப் பையனின் பாஸ்போர்ட்டில் முதல் வரி எழுத வேண்டிய வருடத்தில், எழுத வேண்டிய கிளப் செத்துப்போனது. பன்னிரண்டு வயதுப் பையன் கிட் பேக்கை மாட்டிக்கொண்டு மைதானத்துக்குப் போனால் அங்கே புல் இருக்கிறது, கேலரி இருக்கிறது, கிளப் இல்லை. அப்பாவிடம் காரும் நேரமும் இருந்தால் பக்கத்து ஊருக்குப் போவான். இல்லாவிட்டால் அத்தோடு சரி.

அவனுக்கு மூத்தவர்கள், மூடுவதற்கு முன் அதே கிளப்பில் ஓரிரு வருடம் பயிற்சி எடுத்தவர்கள், அவர்கள் பங்கு என்ன ஆனது? இதற்கும் அதே விதிப் புத்தகத்தில் பதில் இருக்கிறது. பயிற்சி கொடுத்த கிளப் திவாலாகியோ கலைந்தோ போயிருந்தால், அதற்குச் சேர வேண்டிய பங்கை அந்த நாட்டுக் கூட்டமைப்பு கேட்டு வாங்கிக்கொள்ளலாம். வாங்கிய பணத்தை இளையோர் கால்பந்து வளர்ச்சிக்கே செலவழிக்க வேண்டும். கூட்டமைப்பு என்றால் நீங்கள்தான், ஐயா. செத்தவர்களின் வாரிசு நீங்கள்.

வாரிசிடம் ஒரே கோரிக்கை. கலைந்துபோன கிளப்புகளின் பெயரில் உங்களுக்கு வந்த பங்கு எவ்வளவு என்று ஊர் ஊராக வெளியிடுங்கள். அந்தந்த ஊரின் பங்கை அந்தந்த ஊர்ப் பிள்ளைகளுக்கே செலவழியுங்கள். தலைநகரில் இன்னொரு பயிற்சி மையம் கட்டிவிட்டு இதுவும் இளையோர் வளர்ச்சிதான் என்று சொன்னால் விதி உங்களைத் தடுக்காது. அதனால்தான் கேட்கிறேன்.

வெலிகா கணக்கில் சேர்வது சில்லறையாகவே இருக்கலாம். அந்தப் பையன்களுக்கு இப்போது முப்பது வயது ஆகிறது, இனி யாரும் கோடிக்கு விலைபோகப் போவதில்லை. இருக்கட்டும். ஆனால் வெலிகா கடைசி ஊரும் இல்லையே. வராஜ்தினில் ஜவுளி மில்லின் பெயரைத் தாங்கிய வர்தெக்ஸ் இருந்தது. 2001-இல் இங்கிலாந்தின் ஆஸ்டன் வில்லாவை அவர்கள் மைதானத்திலேயே 3–2 என்று அடித்து, யுயெஃபா கோப்பையிலிருந்து வெளியே அனுப்பிய அணி. உங்கள் கோப்பையின் இறுதி ஆட்டத்துக்கு ஆறு முறை வந்து ஆறு முறையும் தோற்றுத் திரும்பிய பொறுமைசாலிகள். அதுவும் கடனில் மூழ்கிக் கலைந்தது. அங்கே ரசிகர்கள் 2011-லேயே தாங்களாகப் பணம் போட்டு அதே பெயரில் தனியாக ஒரு கிளப்பைத் தொடங்கி, அடிமட்டத்திலிருந்து ஆடத் தொடங்கினார்கள். அது நகரம், ஆள் இருந்தது. இரண்டாயிரம் பேர் ஊரில் யார் தொடங்குவது? போஜெகா–ஸ்லவோனியா மாவட்டம் 2011-க்கும் 2021-க்கும் நடுவில் ஏறக்குறைய ஆறில் ஒரு ஆளை இழந்திருக்கிறது. மிச்சம் இருப்பவர்களுக்குப் பந்தைவிட அவசரமான வேலைகள் இருக்கின்றன. நாளைக்கு ஒரு ஊர் இதேபோல மூடும். அந்த ஊரில் பதினாறு வயதில் ஒரே ஒரு வருடம் பயிற்சி எடுத்த பையன் ஒருவன் பின்னால் இரண்டு கோடி யூரோவுக்கு விலைபோனால் அந்த ஒரு வருடத்தின் பங்கு ஒரு லட்சம் யூரோ. ஒரு கிராமத்துக்கு அது எத்தனை வருடத்துப் பந்து, பூட்ஸ், கோச் சம்பளம், வேன் வாடகை என்று உங்கள் கணக்குப் பிரிவே போட்டுச் சொல்லட்டும்.

பணம் இல்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். 2018 உலகக் கோப்பையில் இரண்டாம் இடத்துக்கு 2.8 கோடி டாலர், 2022-இல் மூன்றாம் இடத்துக்கு 2.7 கோடி டாலர் உங்களுக்கு வந்ததை உலகமே படித்தது. நாற்பது லட்சம் பேர்கூட இல்லாத நாடு எப்படி இவ்வளவு ஆட்டக்காரர்களை உருவாக்குகிறது என்று எங்கள் ஊர் டீக்கடையில்கூட வியக்கிறார்கள். நானும் வியந்தவன்தான். இங்கே வந்த பிறகுதான் தெரிகிறது, உருவாக்குகிற ஊர் ஒன்று, பெயர் வாங்குகிற ஊர் இன்னொன்று. ஆட்டக்காரர்களை விற்ற பணம் எங்கெல்லாம் போகும் என்பதை 2018-இல், உலகக் கோப்பைக்குச் சில நாட்கள் முன்பு, டினாமோ ஜாக்ரெப் கிளப் பண மோசடி வழக்கில் ஒசியெக் நகர நீதிமன்றமே தீர்ப்பாக வாசித்தது. அதைப் பற்றி நான் பேச வேண்டியதில்லை. உங்கள் சிவப்பு வெள்ளைக் கட்டச் சட்டை கடையில் என் இரண்டு நாள் கூலிக்கு விற்கிறது. வாங்கியும் வைத்திருக்கிறேன், போட்டுக்கொண்டு சாரத்தில் ஏறினால் எல்லாரும் கை தட்டுகிறார்கள். அந்தக் கட்டங்களில் ஒன்றாவது வெலிகாவுக்கு என்று இருக்கக் கூடாதா?

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன். ஒரு விருந்தாளித் தொழிலாளி வீட்டுக்காரரிடம் இப்படிப் பேசக் கூடாது. மன்னிக்கவும்.

முதலாளி வரக் கூடாது, கம்பெனி பணம் போடக் கூடாது என்று நான் சொல்லவில்லை. அந்தக் குவாரிப் பணம் இல்லாவிட்டால் கொத்தனார் அண்ணனுக்குச் சொல்லிக்கொள்ள ஒரு நூல–நூலகூட இருந்திருக்காது. ஷால்கேயையே பாருங்கள். 2022-இல் அவர்களின் பெரிய ஸ்பான்சரான ரஷ்ய எரிவாயுக் கம்பெனியின் பெயர் சட்டையிலிருந்து போனது. 2021-லும் 2023-லும் முதல் டிவிஷனிலிருந்து இறங்கினார்கள். ஆனாலும் கிளப் நிற்கிறது, லட்சத்துக்கும் அதிகமான உறுப்பினர்கள் அதைத் தாங்குகிறார்கள். வெலிகாவுக்கு அப்படி லட்சம் பேர் பிறக்கப்போவதில்லை. அவர்களுக்கு இருந்த ஒரே உறவு நீங்கள்.

அதனால் மறுபடியும், பணிவாகவே கேட்கிறேன். மூடப்பட்ட கிளப்புகளின் பங்கை ஊர்வாரியாக வெளியிடுங்கள். அதை அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கே திருப்பிக் கொடுங்கள். வெலிகாவிலிருந்து தொடங்கினால் மகிழ்வேன்.

பதிலை உங்கள் மொழியிலேயே அனுப்பலாம். கொத்தனார் அண்ணன் படித்துவிட்டுக் கையால் சைகை காட்டுவார், எனக்குப் புரியும். நேரில் யாராவது வெலிகாவுக்கு வருவதாக இருந்தால் ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து வரவும். மற்ற நாட்களில் எங்களுக்கு வேலை இருக்கிறது.

இப்படிக்கு,
போஜெகா பக்கத்துக் கட்டடத் தொழிலாளி ஒருவன்