இடியப்பம் பிழிவதும் ஒரு விளையாட்டோ?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு உங்கள் பெண்கள் பக்கத்தில் ஒரு வரி வாசித்தேன். "பிள்ளை பெற்ற பெண்களுக்கு வீட்டு வேலையே போதுமான உடற்பயிற்சி." எழுதியவர் ஆண் என்பது பக்கத்தில் இருந்த படத்தில் தெரிந்தது. வீட்டு வேலை செய்கிறவரா என்பது படத்தில் தெரியவில்லை.

அவர் சொல்வது சரியென்றால் நமது கிரிக்கெட் வீரர்களுக்குப் பயிற்றுநர் எதற்கு? இரண்டு மாதம் எங்கள் வீட்டுக்கு அனுப்பி வையுங்கள். விடிய நாலரைக்கு எழும்பி ஐந்து பேருக்கு இடியப்பம் பிழியட்டும். தேங்காய் துருவட்டும். கிணற்றடியில் போர்வை தோய்க்கட்டும். உலகக் கிண்ணம் தானாக வந்து சேரும்.

வீட்டு வேலையும் உடல் அசைவுதான், மறுக்கவில்லை. உலக சுகாதார நிறுவனமும் அதைக் கணக்கில் எடுக்கிறது. ஆனால் அதே நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டியில், கர்ப்பிணிகளும் பிள்ளை பெற்றவர்களும் வாரத்துக்கு 150 நிமிடமாவது மூச்சு வாங்கும் அளவுக்கு உடலை அசைக்க வேண்டும், தசைக்கு வலுக் கொடுக்கும் பயிற்சியும் செய்ய வேண்டும் என்று இருக்கிறது. கட்டுரையாளர் தனக்கு வசதியான பாதியோடு நிறுத்திவிட்டார். இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததா?

நான் பாடசாலைக் காலத்தில் வலைப்பந்தாட்டத்தில் சென்டர் என்ற நடு இடத்தில் ஆடியவள். வடக்கும் கிழக்கும் ஒரே மாகாணமாக இருந்த காலம் அது. மாகாணப் போட்டியில் எங்கள் அணி இரண்டாமிடம் வந்தபோது உங்கள் பத்திரிகை படம் போட்டது. படத்தில் நாங்கள், கீழே பரிசு கொடுத்த பிரமுகரின் பெயரும் அவர் மனைவியின் பெயரும். ஏழு பிள்ளைகளில் ஒருத்தியின் பெயர்கூட இல்லை. அந்தத் துண்டை இன்றும் வைத்திருக்கிறேன், கோபத்துக்காக.

இரண்டாவது பிள்ளை சிசேரியன். முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிவு வரைக்கும் சரக்குக் கறியும் வேப்பிலை அவித்த தண்ணீருமாக மாமி என்னைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்தார். குறை சொல்ல மாட்டேன். பிறகு கிளினிக்கில் பிள்ளையின் நிறையைப் பார்த்தார்கள், ஊசி போட்டார்கள், அட்டையில் கோடு கீறினார்கள். எனக்குச் சொன்னது ஒன்றுதான்: "பாரம் தூக்க வேண்டாம்." எப்போது தூக்கலாம், எப்போது ஓடலாம் என்று கேட்டேன். "இனி ஏன் ஓடப் போறீங்க?" என்று சிரித்தார்கள்.

எட்டு மாதம் கழித்து மகளோடு முற்றத்தில் கயிறு துள்ளினேன். மூன்றாவது துள்ளலில் சிறுநீர் கசிந்தது. இதைப் பத்திரிகையில் எழுதலாமா என்று யோசிக்காதீர்கள். எழுதாமல் விட்டதால்தான் எத்தனையோ பேர் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு, "நேரமில்லை" என்று சாட்டுச் சொல்கிறார்கள். லண்டனில் இருக்கும் என் மச்சாள்தான் இடுப்பின் அடித்தசையைப் பற்றிச் சொன்னாள். சிறுநீரை அடக்குவது போல இறுக்கி, சில விநாடி பிடித்து, விட வேண்டும். நாளுக்குப் பல தடவை. அங்கே பிசியோதெரபிஸ்டுகள் 2019இல் எழுதிய வழிகாட்டி ஒன்றையும் அனுப்பினாள். பிரசவத்துக்குப் பின் மூன்று மாதத்துக்கு முன்னர் ஓடத் தொடங்கக் கூடாது, அதன் பிறகும் படிப்படியாகத்தான் என்று அதில் இருந்தது. செலவில்லாத வைத்தியம். உங்கள் பெண்கள் பக்கத்தில் முகப்பருவுக்குக் கொடுக்கும் இடத்தில் கால்வாசி போதும்.

பிறகு திருகோணமலை டச்பே கடற்கரையில் ஓடத் தொடங்கினேன். அங்கே திரியும் மான்கள் ஒன்றும் சொல்லவில்லை. மனிதர்கள்தான், "பிள்ளையள ஆரிட்ட விட்டிட்டு வந்தனீங்க?" என்று கேட்டார்கள். என் கணவர் பதினைந்து வருடமாகச் சனிக்கிழமை கிரிக்கெட் ஆடுகிறார். இந்தக் கேள்வியை அவரிடம் ஒருவர் கேட்டு நான் கண்டதில்லை. அவர் நல்ல மனிதர். ஆனால் அவருக்கு "போட்டு வாறன்" என்ற இரண்டு சொல் போதும். எனக்கு முதல் நாளே மா குழைத்து, சீருடை அழுத்தி, மாமியின் குளிசையை எடுத்து வைத்து, அதற்குப் பிறகு அனுமதி மாதிரி ஒன்று கேட்க வேண்டும். வலைப்பந்தில் பந்தைக் கையில் மூன்று விநாடிக்கு மேல் வைத்திருந்தால் பிழை. இந்தச் சட்டத்தை எங்கள் குசினியில் யாராவது ஊதி அமுல்படுத்த மாட்டார்களா என்று நினைப்பதுண்டு.

போன தவணை மகளின் இல்ல விளையாட்டுப் போட்டி. தந்தையருக்கு 100 மீற்றர் ஓட்டம். தாய்மாருக்குச் சங்கீதக் கதிரை! ஓட வேண்டும் என்று கேட்டேன். "சாறியோட விழுந்திடுவீங்க ரீச்சர்" என்றார்கள். ட்ரக்சூட் போட்டு வந்திருந்தேன்.

1948 லண்டன் ஒலிம்பிக்கில் நெதர்லாந்து ஓட்ட வீராங்கனை ஃபன்னி பிளாங்கர்ஸ்-கூன் 30 வயதில், இரண்டு பிள்ளைகளின் தாயாக, நான்கு தங்கம் வென்றார். பத்திரிகைகள் அவருக்கு வைத்த பெயர் "பறக்கும் இல்லத்தரசி". அமெரிக்க ஓட்ட வீராங்கனை அலிசன் ஃபெலிக்ஸுக்கு 2018 நவம்பரில் அவசர சிசேரியன். அடுத்த ஆண்டே டோஹா உலகத் தடகளப் போட்டியில் 4x400 கலப்பு அஞ்சல் ஓட்டத்தில் தங்கம். எல்லோரும் ஃபெலிக்ஸ் ஆக முடியாது, தெரியும். நான் பதக்கமா கேட்கிறேன்?

2023இல் முள்ளியவளை அகிலத்திருநாயகி அம்மா எழுபது கடந்த வயதில் பிலிப்பைன்ஸ் போய்ப் பதக்கம் வென்றபோது நீங்களும் முதற்பக்கத்தில் படம் போட்டீர்கள். எனக்கும் கண் கலங்கியது. ஆனால் பதினெட்டு வயதுப் பிள்ளை ஓடினால் உங்களுக்குச் செய்தி, எழுபது வயது அம்மா ஓடினால் செய்தி. இடையில் இருக்கிற ஐம்பது வருடமும் நாங்கள் எங்கே போனோம் என்று நினைக்கிறீர்கள்?

இப்போது கேட்க வந்ததைச் சொல்கிறேன். நகரில் உள்ள ஒரு மைதானத்தில் எங்களைப் போல ஒன்பது பேர் வலைப்பந்து ஆடப் பார்க்கிறோம். பின்னேரம் முழுக்கப் பெடியங்களின் உதைபந்தாட்டம். காலையில் கேற் திறக்க ஏழரை ஆகிறது. கச்சான் என்ற சூடான காற்று வீசும் மாதங்களில் எட்டு மணிக்கு அந்த மண்ணில் கால் வைக்க முடியாது, அதற்குள் பிள்ளைகளும் பாடசாலை, நாங்களும் வேலை. வாரத்தில் இரண்டு நாள் காலை ஐந்தரைக்குக் கேற்றைத் திறந்து, ஒரு லைற்றைப் போட்டு, பெண்கள் கழிவறையின் பூட்டை எடுத்துவிட்டால் போதும். ஒரு கம்பத்தில் வளையம் இல்லை. அதை நாங்களே காசு சேர்த்துப் பூட்டிக் கொள்கிறோம். இதை உரியவர்கள் கண்ணில் படும்படி எங்காவது ஒரு மூலையில் போடுங்கள். பெண்கள் பக்கத்தில் வேண்டாம், விளையாட்டுப் பக்கத்தில்.

என் பெயரைப் போட வேண்டாம். மாமி உங்கள் பத்திரிகையை மரண அறிவித்தல் வரை வரிவிடாமல் வாசிக்கிறவர். அதற்காக "ஒரு தாய்" என்றும் போட்டுவிடாதீர்கள்.

இப்படிக்கு,
சென்டர்,
உவர்மலை, திருகோணமலை.