ஆடியில் வருகிறேன், அப்பிச்சி

பிரிட்லிங்டன், கிழக்கு யார்க்‌ஷயர்
நவம்பர் கடைசி

அன்புள்ள அப்பிச்சிக்கு,

நான் நல்லா இருக்கிறேன். அம்முச்சிக்கு முட்டி வலி எப்படி இருக்கிறது? அவரிடம் கேட்டால் "அதெல்லாம் ஒண்ணுமில்லை கண்ணு" என்றுதான் வரும், அதனால் உங்களிடம் கேட்கிறேன்.

இங்கே இப்போது நாலு மணிக்கு முன்னாலேயே பொழுது விழுந்துவிடுகிறது. ஜூனில் ராத்திரி ஒன்பதரைக்கும் வெளிச்சம் இருந்தது. லீவு நாளில் வெள்ளெனக் கிளம்பி மேட்டுக்காட்டுப் பக்கம் போய்விடுவேன். சுண்ணாம்புப் பாறை பூமி, உழுதுபோட்டால் மண்ணில் வெள்ளை வெள்ளையாகத் தெரியும். நம் செம்மண்ணுக்கென்று வாங்கிய பர்ன்ட் சியன்னா கலர் டியூப் தீரவே மாட்டேன் என்கிறது.

ஒரே வண்டித்தடத்தைத்தான் வருஷம் முழுக்க வரைகிறேன். இரண்டு பக்கமும் ஹாத்தார்ன் முள்வேலி. மே மாதம் வேலியே தெரியாமல் வெள்ளையாகப் பூத்தது. இப்போது இலை கொட்டி, சிவப்புப் பழம் மட்டும் நிற்கிறது. வாட்டர் கலர்தான் பெரும்பாடு. இந்த ஈரத்தில் தாள் காயாது. வானத்தைத் தீட்டிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அவசரப்பட்டு மரத்தைத் தொட்டால் கிளையெல்லாம் வானத்துக்குள் ஊறி ஓடிவிடும். நம் ஆடிக்காத்தில் பிரஷ் மறு ஓரம் போகுமுன்னே முதல் ஓரம் காய்ந்துபோகும்!

இந்தப் பக்கம் வார்ட்டர் என்ற கிராமத்து மரங்களை 2007இல் டேவிட் ஹாக்னி என்ற ஓவியர் வரைந்தார். பல வருஷம் கலிஃபோர்னியாவில் இருந்தவர். இலை துளிர்க்குமுன் மொட்டை மரங்களாக, 50 கேன்வாஸ் சேர்த்து, 40 அடி அகலத்துக்கு. அவ்வளவு பெரிய படத்தை லண்டனில் டேட் மியூசியத்துக்குச் சும்மா கொடுத்துவிட்டார். மாமாவிடம் சொல்லிவிடாதீர்கள், பைத்தியம் என்பார்.

"தைக்கு வா, பச்சையாக இருக்கும், பொங்கலும் ஆச்சு" என்கிறார் மாமா. மாடு மேய்கிற நம் கொறங்காடு அவருக்குப் பொட்டல். எனக்கோ இங்கே நின்று வரைய வரைய அதுதான் கண்ணில் வருகிறது. இங்கே மரம் குளிருக்கு இலை கொட்டுகிறது, நம் கிளுவை வேலி வெயிலுக்குக் கொட்டுகிறது. ஐப்பசி மழைக்கு அப்புறம் கொழுக்கட்டைப் புல் ஊதா ஓடிய கதிர் விடும், மாசியில் அதுவே வைக்கோல் நிறம். செவலையாகப் பிறக்கிற கன்றுகூட ஆறு மாசத்தில் சாம்பல் மயிலைக்கு மாறிவிடுகிறதே. ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காத்து மேகத்தை விரட்டிக்கொண்டு வரும், மழை மட்டும் பேருக்குத்தான். ஆனால் மேக நிழல் வேலி தாண்டி, வெள்வேல் மரம் தாண்டி, மாட்டின் முதுகில் ஏறி இறங்கி ஓடுமே, அதைத்தான் நான் வரைய வேண்டும். தையில் அது கிடைக்காது. அதனால் ஆடிக்கே டிக்கெட் போடுகிறேன். ஆடியில் நல்ல காரியம் எதற்கும் கிளம்பக் கூடாது என்று அம்முச்சி ஆரம்பிப்பார், நீங்கள்தான் சமாளிக்க வேண்டும்.

கிளுவையைப் பிடுங்கிவிட்டுக் கம்பி வேலி போடப்போகிறார்களாம், அம்மா சொன்னாள். மாமாவின் காடு, அவர் இஷ்டம். படலுக்குப் பக்கத்து வரிசையை மட்டுமாவது ஆடி வரைக்கும் விடச் சொல்லுங்கள். நான் சொன்னால் சிரிப்பார், நீங்கள் சொன்னால் கேட்பார். அட்டாலியில் பழைய கட்டில் சட்டம் இருந்தால் அதையும் எடுத்து வையுங்கள், காத்துக்குத் தாள் பறக்காமல் கட்ட வேண்டும்.

உங்கள் பேத்தி