உயிர் போன விளையாட்டை உயிருள்ளதென விற்றமை பற்றிய முறைப்பாடு

செயலாளர்,
சனசமூக நிலையம் (கணினிப் பிரிவு),
ஒட்டுசுட்டான்,
முல்லைத்தீவு மாவட்டம்.
24.05.2025

பொது முகாமையாளர்,
தலைமை அலுவலகம்,
கொழும்பு.

மதிப்புக்குரிய ஐயா,

2025 மார்ச் 8ஆம் திகதி தங்கள் வவுனியாக் கிளையில் வாங்கிய எட்டுக் கணினி விளையாட்டுக் குறியீடுகள் (விளையாட்டைத் தரவிறக்கிக்கொள்வதற்காகத் தரப்படும் இரகசிய இலக்கங்கள்) தொடர்பானது

தங்கள் வாடிக்கையாளர் சேவைப் பிரிவினருடன் தொலைபேசியிலும் மின்னஞ்சலிலும் நேரிலும் பேசிப் பார்த்து, ஒவ்வொரு தடவையும் இன்னொருவரிடம் அனுப்பப்பட்டு, இனி அனுப்புவதற்கு அவர்களிடம் ஆளும் இல்லை, போவதற்கு எம்மிடம் தெம்பும் இல்லை என்ற நிலையில் இக்கடிதத்தை நேரடியாகத் தங்களுக்கு எழுதுகிறேன். தாங்கள் விற்கும் பொருள் எது, அது எந்த நிலையில் இருக்கிறது என்பது தங்களுக்குத் தெரியாமல் இருக்க முடியாது என்பதால் விளையாட்டைப் பற்றி அதிகம் விளக்கத் தேவையில்லை என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் தங்கள் பிரிவில் பேசிய ஒவ்வொருவரும் அதன் பெயரையே அன்றுதான் கேள்விப்பட்டவர் போலப் பேசியதால், பொறுமையோடு எழுத முயல்கிறேன்.

எமது நிலையத்தில் ஏழு கணினிகள் உள்ளன. வெளிநாடுகளில் வாழும் எமது ஊரவர் அனுப்பிய பணத்தில் வாங்கப்பட்ட அவற்றில் பகலில் மாணவர் படிக்கிறார்கள். சனிக்கிழமை மாலைகளில் இளைஞர் விளையாடுகிறார்கள். ஊரில் இருப்பவர்களும் புலம்பெயர்ந்தவர்களும் ஒன்றாகச் சேர்ந்து விளையாடக்கூடிய ஏதாவது வேண்டும் என்று கேட்டபோது, தங்கள் வவுனியாக் கிளையின் விற்பனையாளரே 'ஃபிரைடே த தேர்ட்டீன்த்' என்ற திகில் படத் தொடரைத் தழுவிய 'ஃபிரைடே த தேர்ட்டீன்த்: த கேம்' என்ற விளையாட்டை எடுத்துக் காட்டினார். அதில் ஒருவர் முகமூடி அணிந்த கொலைகாரன் ஜேசனாக வருவார், ஏழு பேர் ஏரிக்கரை முகாமின் உதவியாளர்களாக அவனிடமிருந்து தப்ப வேண்டும். இங்கே ஏழு கணினிக்கு ஏழு பேர். எட்டாவது குறியீடு, இதற்கான பணம் முழுவதையும் தந்தவரும் இப்போது கனடாவின் ஸ்காபரோவில் இருப்பவருமான எமது நிலையத்தின் முன்னாள் தலைவருக்கு. ஜேசனாகத் தானேதான் வருவேன் என்று அவர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். கணக்குச் சரியாக இருந்தது. "இணையவழியில் எட்டுப் பேர் விளையாடலாம்" என்று விற்பனையாளர் தன் கையெழுத்திலேயே பற்றுச்சீட்டில் எழுதித் தந்துள்ளார். அதன் பிரதியை இத்துடன் இணைத்துள்ளேன்.

குறியீடுகள் ஏற்றுக்கொள்ளப்பட்டன, விளையாட்டுத் தரவிறங்கியது, தொடக்கத் திரையும் வந்தது. ஆனால் ஒருவரோடு ஒருவர் இணைய முடியவில்லை. ஏழு இளைஞர் இங்கேயும், காலைத் தேநீரோடு ஒரு பெரியவர் அங்கேயும், சுழன்றுகொண்டிருந்த திரையைப் பார்த்தபடி இருந்ததுதான் அன்றைய விளையாட்டு.

இதைச் சொல்வதற்காக எடுத்த அழைப்பில்தான் தங்கள் கொழும்பு அலுவலகத்தில் ஒரு சேவையாளர் பேசினார். அவருடைய பெயரை நான் இங்கே எழுதவில்லை. அழைப்பு ஒலிப்பதிவு செய்யப்படும் என்று தங்கள் இயந்திரக் குரலே சொல்வதால், தாங்களே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். எமது முகவரியைக் கேட்டுவிட்டு அவர் சொன்னது இது: "காட்டுக்குள்ள இருந்துகொண்டு ஒன்லைன் கேம் கேட்டா இப்படித்தான்." பின்னால் யாரோ சிரித்ததும் கேட்டது. ஐயா, எமது ஊரைச் சுற்றிக் காடு இருப்பது உண்மை. அந்தக் காட்டுக்கு நடுவில் மின்சாரமும் இணையமும் இருக்கின்றன, தங்கள் நிறுவனத்துக்குக் கொடுத்த பணமும் அதே காட்டிலிருந்துதான் வந்தது. அதை வாங்கும்போது எந்த ஊர் என்று யாரும் கேட்கவில்லை.

அவருடைய அடுத்த கண்டுபிடிப்பு, விளையாட்டின் சேர்வருக்கும் (விளையாடுபவர்களை ஒன்றிணைக்கும் மையக் கணினிக்கும்) எமது வன்னிப் பகுதிக்கும் தூரம் அதிகம் என்பதாகும். எந்தச் சேர்வர்? அவ்விளையாட்டுக்கென இயங்கிய தனிச் சேர்வர்கள் 2020 நவம்பரிலேயே மூடப்பட்டுவிட்டன. அதற்குப் பிறகு விளையாடுபவர்களில் ஒருவருடைய இயந்திரமே மற்றவர்களுக்கும் சேர்வராக இருந்தது. இதை விளையாட்டை வெளியிட்டவர்கள் பகிரங்கமாக அறிவித்தார்கள். எமது நிலையத்தில் பதினாறு வயதுப் பையன் ஒருவன் இதை எனக்கு விளக்கினான். சம்பளம் வாங்கிக்கொண்டு இப்பொருளை விற்பவர்களுக்கு ஏன் அது தெரியவில்லை?

இன்னும் பெரிய விடயத்தை இப்போது சொல்கிறேன். இதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும், அந்தச் சிரிப்பு நினைவுக்கு வந்ததால் வரிசை தவறிவிட்டது. 2017 மே 26ஆம் திகதி வெளியான இவ்விளையாட்டு, வெளியாகி ஓராண்டிலேயே சிக்கலில் விழுந்தது. 1980இல் வந்த முதற்படத்தின் திரைக்கதையை எழுதிய விக்டர் மில்லருக்கும் படத்தின் தயாரிப்புத் தரப்புக்கும் இடையில் உரிமை வழக்கு நடந்ததால், இனிப் புதிதாக எதுவும் சேர்க்க முடியாது என்று 2018 யூன் மாதத்தில் அறிவிக்கப்பட்டது. பின்னர் படத்தின் பெயரைப் பயன்படுத்துவதற்கான உரிமமும் முடிவடைந்து, 2023 டிசம்பர் 31ஆம் திகதியோடு விற்பனை நிறுத்தப்பட்டது. ஏற்கெனவே வாங்கியவர்கள் குறைந்தது 2024 டிசம்பர் 31 வரை விளையாடலாம் என்பதே அப்போது தரப்பட்ட உறுதிமொழி. தாங்கள் எமக்கு விற்றது 2025 மார்ச் 8ஆம் திகதி. அதாவது, விற்பனை நிறுத்தப்பட்டு ஓராண்டு கடந்து, அந்த உறுதிமொழியின் காலமும் முடிந்த பின்னர், அலுமாரியில் கிடந்த பழைய குறியீடுகளைத் தூசி தட்டி எமக்குத் தந்திருக்கிறீர்கள். பால்மாப் பைக்கற்றுக்குக்கூடக் காலாவதித் திகதி உண்டு. திரைப்பட உரிமத்தில் வாழும் விளையாட்டுக்கு அந்த உரிமம்தான் காலாவதித் திகதி என்பது இந்தத் தொழிலில் உள்ளவர் அறிந்திருக்க வேண்டிய முதலாவது விடயம்.

இவ்வளவும் தெரியாததனாலோ, தெரிந்தும் மறைத்ததனாலோ, தங்கள் பிரிவினர் எம்மை அலைக்கழித்த விதத்தை இனி எழுதுகிறேன். முதலில் ரவுட்டர் பழையது என்றார்கள். கிளிநொச்சிக்குப் போய்ப் புதியது வாங்கினோம், நிலைமை மாறவில்லை. பிறகு கணினியில் கோளாறு, சீபியூ பெட்டியை வவுனியாக் கிளைக்குக் கொண்டுவாருங்கள் என்றார்கள். அந்தப் பயணத்தை நான் உயிருள்ளவரை மறக்கமாட்டேன். விடியற்காலையில் பெட்டியைப் படுக்கை விரிப்பால் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு மாங்குளம் வரை ஒரு பேருந்து, அங்கிருந்து ஏ9 வீதியில் நின்றபடி இன்னொரு பேருந்து. பெட்டிக்கும் சேர்த்துப் பணம் கேட்ட நடத்துனரோடு ஒரு வாக்குவாதம் வேறு. கிளையில் நெடுநேரம் காக்கவைத்துவிட்டு, உள்ளே இருந்து வந்தவர் பெட்டியை இயக்கினார், தொடக்கத் திரை வந்தது, "வேலை செய்யுதுதானே" என்றார். இணைத்துக் காட்டும்படி கேட்டதற்கு, அது மென்பொருள் விடயம், கொழும்பு அலுவலகத்தைத்தான் கேட்க வேண்டும் என்றார். எந்தக் கொழும்பு அலுவலகம் வவுனியாவுக்குப் போகச் சொன்னதோ, அதே கொழும்பு அலுவலகத்தை. பிறகு பெரிய மனதோடு ஒரு யோசனையும் சொன்னார்: கணினியே இயக்கும் பாத்திரங்களோடு ஒருவர் தனியாக ஜேசனாக விளையாடலாமாம். விளையாட்டில் அவ்வாறான ஒரு பகுதி இருப்பது எமக்கும் தெரியும். நாம் தனியாக விளையாட விரும்பியிருந்தால் எட்டுக் குறியீடுகள் எதற்கு வாங்கினோம்?

இவ்வகை விளையாட்டின் இயல்பே சமனற்ற இரு தரப்பு என்பதைத் தங்கள் பிரிவில் ஒருவராவது விளங்கிக்கொண்டிருந்தால் அந்த யோசனையும் வந்திராது, அதன் பின்னர் நடந்த கூத்தும் நடந்திராது. ஜேசன் ஒருவன், ஆனால் நினைத்த இடத்தில் தோன்றக்கூடியவன். மற்றவர்கள் ஏழு பேர், ஆனால் பலவீனர்கள். ஒருவர் காருக்குப் பற்றறி தேட, ஒருவர் எரிபொருள் தேட, ஒருவர் சாவி தேட, இன்னொருவர் தொலைபேசிப் பெட்டிக்கு ஃபியூஸ் போட்டுப் பொலிஸை அழைக்க, ஏனையோர் அவனை வேறு பக்கம் இழுத்துச் செல்ல, ஆள்கள் கூட்டாக நடந்தால்தான் தப்பலாம். பயப்படுகிறவனும் பயமுறுத்துகிறவனும் உண்மையான மனிதர்களாக இருப்பதில்தான் சுவை இருக்கிறது. அந்த விளையாட்டில் தொலைபேசியைத் திருத்தி அழைத்தால் ஐந்து நிமிடத்தில் பொலிஸ் வந்துவிடும் என்பதையும், தங்கள் சேவை இலக்கத்தை அழைத்தால் ஐந்து நிமிடத்தில் இசை மட்டுமே கேட்கும் என்பதையும் இந்த இடத்தில் குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை.

அந்தக் கூத்து என்னவென்றால், இம்மாதத் தொடக்கத்தில் தங்கள் அலுவலகம் "நல்லெண்ண அடிப்படையில்" மாற்றுப் பொருளாக 'ஈவில் டெட்: த கேம்' குறியீடுகளைத் தருவதாக எழுதியது. தந்த மனதுக்கு நன்றி சொல்லத்தான் இருந்தேன். ஆனால் அதுவும் ஒரு திரைப்பட உரிமத்தில் வந்த விளையாட்டே. 2022 மே மாதம் வெளியான அதற்குப் புதிய உள்ளடக்கம் இனி வராது என்று 2023 செப்ரெம்பரில் அறிவித்தார்கள். இவ்வாண்டு ஏப்ரலில் இணையக் கடைகளிலிருந்தும் விலக்கினார்கள். ஏற்கெனவே வைத்திருப்பவர்களுக்காகச் சேர்வர்கள் தொடரும் என்று சொல்லப்பட்டிருப்பதை நான் மறைக்கவில்லை. ஆயினும், ஒரு பிணத்துக்குப் பதிலாக ஒரு நோயாளியைத் தருவது எவ்வகையில் நல்லெண்ணம் ஆகும்? அத்துடன் அதில் தப்புபவர்கள் நால்வர், பேய் ஒன்று. ஆக ஐந்து பேர். எமது எட்டுப் பேரில் மூவர் என்ன செய்வது என்று கேட்டபோது, மறுபடியும் அதே சேவையாளர், "எல்லாம் பேய் விளையாட்டுத்தானே" என்றார். இல்லை ஐயா, எல்லாம் ஒன்றல்ல. 'த டெக்சஸ் செயின் சோ மசாகர்' விளையாட்டில் கொலைகாரக் குடும்பத்தவர் மூவர், அகப்பட்டவர் நால்வர். அதை எடுத்தால் பணம் தந்தவரைத்தான் வெளியே நிறுத்த வேண்டும். 'டெட் பை டேலைட்' ஒருவருக்கு நால்வர். அது தனியொரு படத்தைத் தழுவியதும் அல்ல. பல படங்களின் கொலைகாரர்களை உரிமம் பெற்றுச் சேர்த்துக்கொள்வது. அதிலும்கூட 'ஹெல்ரெய்சர்' படத்துக்குரிய தொகுதி, உரிமம் முடிந்ததால் சென்ற மாதம் விற்பனையிலிருந்து எடுக்கப்பட்டது. ஒரு கடைக்காரர் இவற்றையெல்லாம் அறிந்திருக்கத் தேவையில்லை என்று தாங்கள் கருதினால், அவற்றை விற்கவும் தேவையில்லை.

இதனால் எமக்கு நேர்ந்த இழப்பைப் பணத்தில் சொல்லி முடியாது. பல ஆண்டுகளாகக் கட்டியெழுப்பிய நிலையத்தின் பெயர் ஸ்காபரோ முதல் பாரிஸ் வரை கெட்டுவிட்டது. "தம்பி, காசுக்கு என்ன நடந்தது?" என்று முன்னாள் தலைவர் கேட்கும்போது என்னிடம் விடை இல்லை. சனிக்கிழமைகளில் நிலையம் வெறிச்சோடிக் கிடக்கிறது. வந்துகொண்டிருந்த இளைஞர் சந்தியில் நிற்கத் தொடங்கிவிட்டார்கள். அவர்களில் ஒருவருடைய எதிர்காலம் கெட்டாலும் அதற்குத் தங்கள் நிறுவனமே பொறுப்பு என்று பொதுச்சபையில் நான் வெளிப்படையாகச் சொல்வேன். பொருளாளர் என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டார்.

தங்கள் நிறுவனத்தோடு பகைத்துக்கொள்வது எமது நோக்கமல்ல. வவுனியாவில் தங்கள் கிளை திறக்கப்பட்டபோது மகிழ்ந்தவர்களில் நானும் ஒருவன், இனியும் அங்கே பொருள் வாங்கவே விரும்புகிறேன். ஆகவே தயவுகூர்ந்து எட்டுக் குறியீடுகளின் முழு விலையையும், ரவுட்டரின் விலையையும், பயணச் செலவையும், நிலையத்துக்கு ஏற்பட்ட அவமானத்துக்கும் பாதிப்புக்கும் நட்டஈடாக ரூபா 150,000ஐயும் எமது நிலையத்தின் வங்கிக் கணக்குக்கு எதிர்வரும் யூன் 5ஆம் திகதிக்குள் அனுப்பிவைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். பணத்துக்குப் பதிலாக வேறு குறியீடுகளோ தங்கள் கடையின் பரிசுக் கூப்பன்களோ ஏற்றுக்கொள்ளப்பட மாட்டா.

அத்திகதியை நான் காரணத்தோடுதான் குறிப்பிடுகிறேன். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி, விற்பனை நடந்து மூன்று மாதங்களுக்குள் எழுத்தில் முறையிட வேண்டும். தங்கள் பிரிவினர் எம்மை இங்கும் அங்கும் அனுப்பிக்கொண்டிருந்தது அந்தக் காலம் கழியட்டும் என்றுதானோ என்ற ஐயம் இப்போது எமக்கு உண்டு. நுகர்வோரைத் தவறாக வழிநடத்தும் நடத்தையை அச்சட்டத்தின் 30ஆம் பிரிவு தடைசெய்கிறது. தங்கள் விற்பனையாளரின் கையெழுத்துள்ள பற்றுச்சீட்டைவிட வேறு சான்று தேவைப்படாது என நினைக்கிறேன். யூன் 5ஆம் திகதிக்குள் தீர்வு கிடைக்காவிட்டால், மறுநாளே முறைப்பாட்டை அதிகார சபைக்கு அனுப்புவேன், அதன் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கும் அழைப்பேன், தேவைப்பட்டால் பத்திரிகைகளுக்கும் எழுதுவேன்.

பதிலை எழுத்திலும் தமிழிலும் அனுப்புங்கள். ஆங்கிலக் கடிதம் எனக்கு விளங்கும். ஆனால் இதைப் பொதுச்சபைக் கூட்டத்தில் எல்லோருக்கும் வாசித்துக் காட்ட வேண்டியுள்ளது. தொலைபேசியில் அழைப்பதாயின் மாலை ஐந்து மணிக்குப் பின்னர் அழையுங்கள், ஆனால் அந்தச் சேவையாளரைக் கொண்டு மட்டும் வேண்டாம். சீபியூ பெட்டியை இனி எங்கும் கொண்டுவரமாட்டேன். பார்க்க வேண்டியிருந்தால் தங்கள் தொழில்நுட்பவியலாளர் ஒட்டுசுட்டானுக்கு வரலாம், மாங்குளத்திலிருந்து பேருந்து உண்டு.

இங்ஙனம்,
செயலாளர்,
கணினிப் பிரிவு