விசைப்படகு ஓனர் அண்ணன்மாருக்கு ஒரு நாட்டுப்படகுக்காரன் எழுதுறது

அண்ணே வணக்கம். சண்டைக்கு வரல, முதல்லயே சொல்லிடுறேன். எங்க மச்சான்மாரே உங்க போட்டுலதான் கூலிக்கு வர்றாங்க, உங்களோட சண்டை போட்டா எனக்கு வீட்டுல சோறு கிடைக்காது.

நம்ம பாக் கடல பத்தி நான் உங்களுக்கு சொல்லணுமா என்ன, கோடியக்கரைல இருந்து ராமேஸ்வரம் வரை வளைஞ்சு கிடக்குது, ஆனா ஆழம் பாத்தா பெரும்பாலும் பத்துப் பன்னெண்டு மீட்டருக்குள்ளதான், அதனால வெயில் தரை வரைக்கும் இறங்குது, கடல்தாழைங்கிற கடல்புல்லு வயல் மாதிரி வளருது. வாடைக்காத்துல கலங்கிப் போயி பங்குனில தெளியும்.

அப்படி ஒரு பங்குனி காலைல மல்லிப்பட்டினத்துக்கு வெளிய போட்ட நிறுத்திட்டு குனிஞ்சு பாத்தேன். தாழைக்கு நடுவுல வெள்ளையா ஒரு கோடு, களைக்கொட்டால சுரண்டுன மாதிரி, வளைஞ்சு வளைஞ்சு போகுது. ஆவுளியா, அதான் கடல்பசு, மேஞ்ச தடம்ணே. வேரோட புடுங்கித் தின்னும், ஆனா தின்ன எடம் திரும்ப முளைச்சிரும். கொஞ்சம் தள்ளி இன்னொரு தடம், நேரா, அகலமா, ரெண்டு பக்கமும் சேறு தள்ளிக் கிடக்கு. அது உங்க மடிப்பலகை (தரையோட இழுக்குற மடிவலைய விரிச்சுப் புடிக்கிற பலகை) இழுத்தது, அங்க ஒரு இலை கூட இல்ல.

எங்க வலையிலயும் ஆவுளியா மாட்டியிருக்கு, மறைக்கல. அது மூச்சுக்கு மேல வந்தே ஆகணும், வலைல சிக்குனா சீக்கிரம் முடிஞ்சிரும், அதனால இப்பல்லாம் வலைய அறுத்து விட்டுர்றோம் (தாத்தா காலத்துல கறியாக்கித் தின்னாங்க, அது வேற கதை). ஒரு வருஷத்துக்கு மேல சுமந்து ஒரே குட்டி போடும், அடுத்த குட்டிக்கு மூணு வருஷமாவது ஆகும். 2022 செப்டம்பர்ல தஞ்சாவூர், புதுக்கோட்டை கடல்ல 448 சதுர கிலோமீட்டர கடல்பசு காப்பகம்னு அறிவிச்சாங்க, சரி, பேப்பர்ல கோடு போட்டா கடல்ல தெரியுமா?

ஆவுளியாவ விடுங்க. உங்க மடில வர்ற இறால், நண்டு, எங்களுக்கு வர்ற ஓரா மீனு எல்லாம் குஞ்சா இருக்குறப்ப ஒளியுறது அந்தத் தாழைலதான். கரைல இருந்து மூணு நாட்டிக்கல் மைலுக்குள்ள விசைப்படகு மீன் புடிக்கக் கூடாதுன்னு 1983லயே சட்டம் இருக்கு, நீங்களும் தெரிஞ்சுதான் ராத்திரில வர்றீங்க.

உங்க போட்டால கிழிஞ்ச எங்க வலைக்கு காசு கேக்கல. மீன்புடி தடைக்காலம் முடிஞ்சு ஜூன் 15 இறங்குறப்ப மூணு மைல் தாண்டி மடிய விடுங்க, அவ்வளவுதான். நம்பிக்கை இல்லாதவங்க பங்குனில என் போட்டுல வாங்க, ரெண்டு தடத்தையும் காட்டுறேன். டீசல் என் செலவு.