கூத்தாடிக்கு வந்த ஏமாற்றம்

அன்புள்ள சேகர்,

எட்டு மாதமாக எழுதவில்லை. திட்ட வேண்டியதைத் திட்டி முடித்துவிட்டு மேலே படி. வீட்டில் எல்லோரும் சுகம். என் முதுகுவலியும் சுகமாகத்தான் இருக்கிறது.

நம் சிநேகிதர்கள் மொட்டையும் புரொபசரும் சண்டையை விட்டு ராசியாகிவிட்டார்கள்! நேற்று ராத்திரி ஒரே போனில் மாறி மாறிப் பேசினார்கள், ஒரே சிரிப்பு. நானும் "ரொம்ப சந்தோஷம்டா" என்றேன். போனை வைத்ததும் சப்பென்று ஆகிவிட்டது. சந்தோஷம் எங்கே என்று தேடிப் பார்க்கிறேன், காணோம். அதனால்தான் இந்தக் கடிதம்.

நாலு மாதம்டா. காலையில் மொட்டை கூப்பிடுவான், ராத்திரி புரொபசர். "அடடா", "அப்படியா சொன்னான்?", "அப்புறம்?" இந்த மூன்றை வைத்தே ஓட்டினேன். ஒருத்தன் சொன்னதை இன்னொருத்தனிடம் போட்டுக்கொடுக்கவில்லை, அந்தப் பாவம் மட்டும் செய்யவில்லை. ஆனால் "விடுடா, போகட்டும்" என்று ஒரு தடவைகூட என் வாயில் வரவில்லை. சொல்லியிருந்தால் மறுநாள் போன் வந்திருக்காதே.

ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். கூத்தாடிக்காவது வரும்படி உண்டு. எனக்கு என்ன?

உனக்குத்தான் தெரியுமே, எதையாவது தேடிப் படிக்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. ஜெர்மனியில் ஆராய்ச்சியாளர்கள் 4 முதல் 6 வயதுப் பிள்ளைகளுக்குப் பொம்மலாட்டம் காட்டியிருக்கிறார்கள். ஒரு பொம்மை நல்லது, ஒன்று கெட்டது. மூன்றாவதாக ஒரு பொம்மை வந்து கோலால் அடிக்கிறது. அடி விழுவது திரைக்குப் பின்னால் போய்விடும்; தொடர்ந்து பார்க்க வேண்டுமானால் கையிலிருக்கும் காசைக் கொடுக்க வேண்டும். கெட்ட பொம்மை அடிவாங்குவதைப் பார்க்க 6 வயதுப் பிள்ளைகள் காசு கொடுத்தார்களாம். சிம்பன்சிகளும் அப்படித்தான்: சாப்பாட்டைக் கொடுக்காமல் ஏய்த்த ஆள் அடிபடுவதைப் பார்க்க, கனமான கதவைத் தள்ளிக்கொண்டு போயின. 2017 கடைசியில் வந்த கட்டுரை.

படித்ததும் கொஞ்சம் ஆறுதல். குரங்கே செய்கிறது, நான் செய்தால் என்ன? ஆனால் அது தப்புச் செய்தவனுக்குத் தண்டனை. மொட்டை, புரொபசர் இரண்டு பேரில் யார் தப்புச் செய்தான்?

இன்னொன்று 2009இல் ஜப்பானில் செய்தது. யார் மேல் பொறாமையோ அவன் சறுக்கினான் என்று படிக்கும்போது, பரிசு கிடைத்தால் மூளையில் எந்த இடம் விழித்துக்கொள்ளுமோ அதே இடம் விழித்துக்கொள்கிறதாம். பொறாமை எவ்வளவோ அவ்வளவு இனிப்பு. இதைப் படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டேன். புரொபசர் தொண்டை அடைக்கப் பேசிய அன்றைக்கு நான் பாதி இட்லியோடு எழுந்துபோய்க் கேட்டேன் என்பது நினைவுக்கு வந்தது. அவன் மேல் எனக்குப் பொறாமையா? நீயே சொல், முப்பது வருஷமாகப் பார்க்கிறாய்.

ஆனாலும் முழுக்கப் பொறாமை என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். மொட்டை மேல் பொறாமைப்பட என்ன இருக்கிறது, தலைமுடியா? எனக்குப் பிடித்தது அந்த நாற்காலி. வேலையை விட்டு வந்த பிறகு "நீ என்ன நினைக்கிறாய்?" என்று என்னை யாரும் கேட்பதில்லை. இவர்கள் இரண்டு பேரும் தினமும் கேட்டார்கள். தீர்ப்பே சொல்லாத நீதிபதியாக நாலு மாதம் உட்கார்ந்திருந்தேன். நேற்று கோர்ட்டைப் பூட்டிவிட்டார்கள்.

சரி, இப்போது கேட்க வேண்டியதைக் கேட்கிறேன். அந்த செருப்பு விவகாரத்துக்குப் பிறகு நீயும் நானும் ஐந்து மாதம் பேசிக்கொள்ளவில்லையே, அப்போது நான் உன்னைப் பற்றிப் புலம்பியதெல்லாம் மொட்டையிடம்தான். "அப்புறம்? அப்புறம்?" என்று எவ்வளவு அக்கறையாகக் கேட்டான் தெரியுமா! நீ யாரிடம் புலம்பினாய்?

உடனே பதில் எழுது.

உன்,
ராமு